மாரிகாலத்து இடாப்பு

குளிர்காலத்தைப் பற்றிய படங்களைச் சிறுவர் நூல்களிலே பார்த்திருக்கிறோம். வெண்பனி மூடிய கூரை, கம்பளிக் குல்லாய் அணிந்த பிள்ளைகள், பனியை உருட்டிச் செய்த ஒரு பொம்மை. வன்னிப் பெருநிலத்துக் குழந்தை அப்படத்தைச் சற்று நேரம் வியப்போடு நோக்கிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடும். அதன் ஊரில் அப்படியொரு காலம் வருவதேயில்லை. அங்கே வருவது மாரி. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த நம் முன்னோர் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றனர். மார்கழி, தையை முன்பனி என்றனர். வன்னி உழவரோ இவ்விரண்டையும் மாரி என்னும் ஒரே சொல்லில் அடக்கி, எஞ்சியதைக் கோடை என்று விட்டுவிடுவர். வெப்பமானி இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும் நனைந்த சட்டையோடு, அரைச்சுவர் வைத்த வகுப்பறையில், வாடைக்காற்று வரும் திசையில் இருந்து எழுதும் ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். குளிர் என்றால் என்னவென்று அது நன்றாகவே சொல்லும்.

இலங்கையின் பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிவது மரபு. கொரோனாத் தொற்றினால் சில ஆண்டுகள் இக்கணக்குக் குழம்பி, இப்போது மீண்டும் பழைய தடத்துக்கு வந்திருக்கிறது. ஆண்டின் கடைசித் தவணைக்குள்தான் வாணிவிழாவும், ஆண்டிறுதிப் பரீட்சையும், முன்னேற்ற அறிக்கையும், வகுப்பேற்றமும், ஒளிவிழாவும் அடங்குகின்றன. வன்னியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி பெய்வதும் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடைப்பட்ட அதே காலத்திலேதான். ஆகவே அங்கே பள்ளியாண்டு மழையிலே முடிகிறது. ஈரம் காயுமுன்னரே அடுத்த ஆண்டு பிறந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கார்த்திகை மாதத்தில், வவுனியாவுக்கு வடக்கே, பெருவீதியிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர்ப் பள்ளியொன்றுக்குச் செல்ல நேர்ந்தது. அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை என்னும் நீண்ட பெயரும், ஐந்து வகுப்புகளும், விரல்விட்டு எண்ணத்தக்க ஆசிரியர்களும் உடைய பள்ளி. ஒருபுறம் குளக்கட்டு, மறுபுறம் பச்சைப் பசேலென்று காலபோக வயல். வேலியோரத்தில் கார்த்திகைப் பூ மலர்ந்திருந்தது. வழியிலே ஒரு தாம்போதி. அதன்மேல் நீர் கணுக்கால் அளவு ஓடினால் பிள்ளைகள் வருவார்கள்; முழங்கால் அளவுக்கு ஏறினால் பெரியவர் எவரேனும் கைபிடித்துக் கடத்திவிடுவார்; அதற்கும் மேலே போனால் அன்று பள்ளி இல்லை. இந்த அளவுகோல் எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதப்படவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

பிள்ளைகள் வந்த கோலம் நினைவை விட்டு அகலவில்லை. வெள்ளைச் சட்டை, தலையில் ஒரு பொலித்தீன் பை, கையில் இன்னொன்று. கையிலிருந்த பையில் என்ன என்று விசாரித்தேன். சப்பாத்துகளாம். வெறுங்காலோடு சேற்றைக் கடந்து வந்து, பள்ளிக் கிணற்றடியில் கால் கழுவி, துடைத்து, பின்னர் அவற்றை அணிந்துகொண்டு வகுப்புக்குள் நுழைகிறார்கள். சப்பாத்து காலைக் காக்க வேண்டும் என்பது உலக வழக்கு. அங்கே காலே சப்பாத்தைக் காத்துக்கொண்டிருந்தது.

தகரக் கூரையில் மழை பொழியத் தொடங்கினால் ஆசிரியையின் குரல் இரண்டாம் வரிசையைத் தாண்டாது. தூவானம் படாதபடி மேசைகளை நடுவுக்கு நகர்த்தி, மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் ஒன்றாக இருத்தினார்கள். பாடம் நின்றது, பாட்டுத் தொடங்கியது. பெருமழையை வென்று கேட்கக்கூடியது ஐம்பது பிள்ளைகள் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்றே என்று அந்த ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார்.

மழை சற்று ஓய்ந்தபின் காலைக்கூட்டம் மண்டபத்திலே நடந்தது. அதில் ஒரு பிள்ளை எழுந்து அன்றைய செய்தியை வாசிப்பது வழக்கம். நான் கண்ட நாளில் ஒரு சிறுமி வாசித்தாள். குளம் வான் பாயத் தொடங்கிவிட்டது என்பது முதற்செய்தி. யானை வந்து ஒரு வீட்டு வாழைகளை முறித்தது இரண்டாவது. கொழும்பும் உலகமும் அதன் பின்னரே வந்தன. நாளிதழ் ஆசிரியர்கள் இச்சிறுமியிடம் சிறிது பாடம் கேட்கலாம் என்று தோன்றிற்று. வான் பாய்ந்தது என்றால் போகத்துக்கு நீர் உண்டு, கோடைக்குக் கிணறு ஊறும், வீட்டில் கடன் அடையும். அதே வேளையில் தாம்போதி மூடும், பாம்பு வீட்டுக்குள் வரும், பள்ளிக்கு விடுமுறை கிடைக்கும். அவள் வாசித்து முடித்ததும் சிறுவர்கள் ஆரவாரித்தது இவற்றில் எதற்காக என்று நான் ஊகிக்கத் துணியவில்லை.

அப்பால், அதிபரின் அனுமதியோடு இடாப்பைப் பார்த்தேன். வருகை பதியும் அந்த நீளப் புத்தகம் பங்குனியிலும் வைகாசியிலும் நிரம்பி வழிந்தது. ஐப்பசிப் பக்கத்தில் இடைவெளிகள் தோன்றின. கார்த்திகையில் சில பெயர்களுக்கு எதிரே வராமைக் குறிகள் சங்கிலிபோல் தொடர்ந்தன. காரணம் கேட்டதற்கு ஆசிரியை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இவன் வீட்டுக்கு முன்னால் வாய்க்கால் உடைத்துவிட்டது. இவளுக்குக் காய்ச்சல். இந்த இருவரின் பெற்றோரும் இரவெல்லாம் வயற்காவலில் இருப்பவர்கள். காலையில் பிள்ளைகளை எழுப்பி அனுப்ப ஆளில்லை. கடைசியாக ஒரு பெயரைத் தொட்டு, உடுப்புக் காயவில்லை என்றார். எனக்கு விளங்கவில்லை. இருப்பது ஒரே சீருடை; நேற்று நனைந்தது; மழை விடாத ஊரில் ஓரிரவில் அது எப்படிக் காயும்? 1980ஆம் ஆண்டு முதல் இலவசப் பாடநூலும், 1993 முதல் இலவசச் சீருடைத் துணியும் வழங்கிவரும் நாடு இது. அவ்வுதவியின் அருமை வன்னிக்கு நன்கு தெரியும். இரண்டாவது உடுப்பு ஒன்று இருந்தால் எத்தனை நாட்கள் மிஞ்சும் என்பதும் அந்த இடாப்புக்குத் தெரியும்.

முற்காலத்தில் இதனினும் கொடிய காரணம் ஒன்று இருந்தது. மழை ஓய்ந்து, குட்டைகளில் நீர் தேங்கும் மார்கழி தையிலே மலேரியா மூளும். ஒரு காலத்தில் மருத்துவர்கள் பள்ளிகளுக்குச் சென்று, பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியோர் எத்தனை பேர் என்று எண்ணியே ஒரு பகுதியின் மலேரியாக் கொடுமையை அளந்தனர். வன்னி ஆட்குறைந்து காடாய்க் கிடந்ததற்கு இந்நோயும் ஒரு காரணம். 2016ஆம் ஆண்டில் இலங்கையை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அது வன்னிச் சிறுபள்ளிகளுக்குக் கிடைத்த பெரும்பேறு. இப்போது டெங்கு அவ்விடத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் சிரட்டை, தகரப்பேணி பொறுக்கிச் சிரமதானம் செய்வதும் இன்று மாரிகாலப் பாடங்களில் ஒன்று.

பாடம் என்றதும் நினைவு வருகிறது. அப்பள்ளியில் ஒரு போத்தலும் புனலும் கொண்டு பிள்ளைகள் மழைமானி செய்திருந்தார்கள். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஒரு லீற்றர் நீர். 120 சதுர மீற்றர் கூரையுள்ள பள்ளியில், 100 மில்லிமீற்றர் பெய்த ஒரே நாளில், 12,000 லீற்றர் நீர் கூரையிலிருந்து வழிந்து ஓடிவிடுகிறது. இக்கணக்கை ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எனக்குச் செய்து காட்டினான். ஆவணி மாதத்தில் அதே பள்ளிக் கிணறு வற்றி, குடிநீருக்குத் தாங்கி வண்டியை எதிர்பார்ப்பார்கள். அவன் போட்ட கணக்கை உரியவர்கள் ஒருமுறை போட்டுப் பார்த்தால், கூரையோரத்தில் ஒரு பீலியும் கீழே ஒரு தொட்டியும் வைப்பது பெருஞ்செலவல்ல என்பது புலனாகும்.

வன்னி மாரியின் வரலாற்றைக் கூறுவோர் புயல்களின் வழியாகவே ஆண்டுகளை எண்ணுவர். 1964 டிசெம்பர் 22ஆம் நாள் இலங்கையின் வடபகுதியைக் குறுக்கறுத்துச் சென்று, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது ஒரு சூறாவளி. 2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை; பள்ளி விடுமுறைக் காலம். அன்று காலை முல்லைத்தீவுக் கரையைக் கடல் கொண்டது. மறுதவணை தொடங்கியபோது, கரையோரப் பள்ளிகளின் இடாப்பில் பல பெயர்களை அழைக்க விடை வரவில்லை. 2008 நவம்பர் இறுதியில் ‘நிஷா’ புயல் பெருமழை கொட்டியபோது, வன்னி மக்கள் போருக்கு அஞ்சி ஊர்விட்டு ஊர் பெயர்ந்து தறப்பாளின்கீழ் இருந்தனர். பள்ளியும் அவர்களோடு மரநிழலுக்கும் தறப்பாளுக்குமாகப் பெயர்ந்துகொண்டிருந்தது. 2018 டிசெம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரே இரவில் பெய்த மழையால் இரணைமடு பெருகி, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடாயின. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி நாடு முழுவதையும் உலுக்கிற்று. டிசெம்பர் நடுப்பகுதி வரை பள்ளிகள் மூடப்பட்டிருந்தன.

இவ்வகைப் பெருவெள்ளங்களில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. பள்ளிக்கு வரவேண்டாம் என்று பிள்ளைகளுக்கு அறிவித்த அதே நாளில், ஊர் முழுவதும் பள்ளிக்கு வந்துவிடுகிறது. மேட்டு நிலத்தில், கல்லால் கட்டிய, பெரிய கூரையுள்ள கட்டடம் சிற்றூரில் அது ஒன்றுதானே! கரும்பலகைக்குக் கீழே பாய்கள் விரிக்கப்படும். மேசைகளின் மேல் நெல்மூட்டைகள் ஏறும். அலுமாரியிலுள்ள நூல்களை உயரத் தட்டுக்கு மாற்றுவது முதல் வேலை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தன் வகுப்பறையிலேயே தன் பாட்டியோடு படுத்துறங்கும்.

இதனால்தான் மாணவர் தொகை குறைந்த சிறுபள்ளிகளை மூடி, அடுத்த ஊர்ப் பள்ளியோடு இணைக்கலாம் என்னும் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாம்போதி கண்முன்னே வருகிறது. வரைபடத்தில் அடுத்த பள்ளி மூன்று கிலோமீற்றர். கோடையில் அது உண்மை. கார்த்திகையில் அத்தூரத்தை அளக்க வேறு அளவை வேண்டும். அதற்குள் ஒரு தாம்போதியும், இரு வாய்க்காலும், அந்தி சாயுமுன் வயலுக்கு இறங்கும் யானையும் உண்டு. சிறுபள்ளியில் ஓராசிரியர் இரு வகுப்பைக் கற்பிப்பதால் கல்வி நலியும் என்பது மெய்யே. நடந்து போக முடியாத நல்ல பள்ளி ஐந்து வயதுப் பிள்ளைக்கு எவ்விதம் பயன்படும் என்பதற்கும் விடை வேண்டும்.

இன்னொன்று நாட்காட்டி. ஆண்டிறுதிப் பரீட்சை வடகீழ்ப் பருவமழையின் உச்சத்தில் வந்து விழுவது வன்னிப் பிள்ளைக்கு ஆண்டுதோறும் நேரும் ஒரு தண்டனை. நாடு முழுமைக்கும் ஒரே ஒழுங்கு வேண்டாமா என்று கேட்போர் உளர். முஸ்லிம் பள்ளிகளுக்கு நோன்பு மாதத்தைக் கருதித் தனித் தவணை அட்டவணை நெடுங்காலமாகவே நடைமுறையில் உண்டு. அதனால் நாட்டின் ஒழுங்கு குலைந்ததாக எவரும் கூறவில்லை. அவ்வாறே துணுக்காய், முல்லைத்தீவு, வவுனியா வடக்கு போன்ற கல்வி வலயங்கள் ஆரம்ப வகுப்புகளின் பரீட்சையைப் புரட்டாதி முடியுமுன் நடத்திக்கொள்ளவும், வெள்ளம் மறித்த நாட்களைப் பிள்ளையின் வராமையாகப் பதியாதிருக்கவும் இடங்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பரீட்சை முடிந்தபின் வரும் மழை நாட்களில் பாட்டும் கதையும் கைவேலையும் மழைமானியுமாகப் பள்ளி நடக்கட்டும். ஆசிரியர்களிற் பலர் ஏற்கெனவே அவ்விதந்தான் நடத்துகிறார்கள். அதற்கு ஓர் ஒப்புதல் மட்டுமே இல்லை.

மார்கழி விடுமுறையில் பள்ளி ஓய்ந்திருக்க, விடியுமுன் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமுமாக அதே பிள்ளைகள் பனியில் ஊரைச் சுற்றி வருவார்கள். காய்ச்சல் வருமென்று அப்போது எந்தத் தாயும் தடுப்பதில்லை.

புதிய ஆண்டில் முதலாம் வகுப்புக்கு வருவோரை வரவேற்கும் கால்கோள் விழா. பழைய ஊர்ப் பெரியோர் அவ்வகுப்பை இன்னும் அரிவரி என்றே சொல்வர். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், ஓராண்டு மூத்தோர் என்னும் பெருமையோடு, புதியோருக்கு மாலை சூட்டி, கைபிடித்து வகுப்பறைக்கு அழைத்துப் போகிறார்கள். நான் மறுமுறை அப்பள்ளிக்குச் சென்றது அப்படியொரு தை மாதத்தில். ஆசிரியை புதிய இடாப்பில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். எதிரே வயல் கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது. வீடுகளிலிருந்து ஆளுக்கொரு பிடி புத்தரிசி கொண்டுவந்து பள்ளி முற்றத்தில் பொங்கல் இடுவதாகத் திட்டம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நாள் குறித்தாகிவிட்டது. மைதானத்தில் ஓடுபாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்த மாலையே எதிர்பாராத ஒரு மழை வந்து முழுவதையும் அழித்துவிட்டுப் போயிற்று. கோடு போட்ட சிறுவர்கள் இருவரும் அரைச்சுவரின்மேல் அமர்ந்து, சப்பாத்துப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு, நிலம் காய எத்தனை நாள் ஆகுமென்று தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள்.