அரை வாத்தியார்

அரை வைத்தியனைப் பற்றி எம்மவரிடையே பழமொழி உண்டு. அரை வாத்தியாரைப் பற்றி ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்திருப்பின் அது என்னைக் குறித்தே எழுந்திருக்கும். கொரிய மொழியிற் பத்து நிமிடம் தடையின்றிப் பேச எனக்கு இன்றும் இயலாது. ஆயினும் பாலையூற்றிலே ஒரு வீட்டு விறாந்தையில், மாலை வேளைகளில், ஏழெட்டு இளைஞருக்கு அம்மொழியைச் சொல்லிக்கொடுப்பவன் நானே.

பாலை மரத்தையும் ஊற்றையும் பெயரிற் சுமக்கும் இத் திருகோணமலைக் கிராமத்தில் கொரிய மொழிக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். வேலைதான் வேலை. தென் கொரிய அரசு வெளிநாட்டுத் தொழிலாளரை அமர்த்துவதற்கென 2003ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, 2004இல் அதனை நடைமுறைப்படுத்தியது. அவ்வாண்டிலேயே இலங்கையும் அந்நாட்டுடன் உடன்பாடு செய்துகொண்டது. தொழிற்சாலைக்கோ மீன்பிடிக்கோ செல்ல விரும்புவோர் முதலில் மொழித் தேர்வொன்றில் தேற வேண்டும். வாசித்தல், கேட்டல் என அதற்கு இரண்டு பகுதிகள். தந்தையின் வள்ளத்திற் கடலுக்குப் போகிறவன், மேசன் வேலை பழகுகிறவன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருப்பவன் ஆகியோரே எனது மாணாக்கர். தாயின் காப்பை அடகு வைத்துக் கட்டணம் செலுத்திய ஒருவனும் அவர்களுள் உளன். ஆகவே இங்கு மொழி கற்றல் பொழுதுபோக்கன்று.

இவர்கட்குக் கிடைத்த வகுப்புகளும் குறிப்புகளும் பெரும்பாலும் சிங்களத்தில் அமைந்தவை. தெரியாத மொழியொன்றைப் பாதி தெரிந்த மொழியின் வழியாகப் படித்து, விளங்கியதைத் தமிழெழுத்திற் குறித்துக்கொண்டு வருவார்கள். அக் குறிப்புப் புத்தகங்களைத் திறந்ததும் எனக்கு அச்சம் தோன்றியது. ஒருவன் ஒரே பக்கத்தில் ‘புல்’ என்று மூன்று முறை எழுதியிருந்தான். ஒன்றன் எதிரே தீ, மற்றொன்றன் எதிரே புல், மூன்றாவதன் எதிரே கொம்பு. “எது எது என்று எப்படி அறிவாய், தம்பி?” என்றேன். “அதுதான் அண்ணா, எனக்கும் தெரியவில்லை” என்றான்.

அவன்மேற் பிழையில்லை. பகர ஒலியிலே கொரியர் மெல்லியது, மூச்செறிந்து வருவது, இறுகி ஒலிப்பது என மூன்று வேறுபாடு காண்கின்றனர். எமக்கோ ஓர் எழுத்தே உண்டு. புல்லைக் குறிக்கும் கொரியச் சொல் எம்முடைய ‘புல்’லையே ஒத்திருப்பது வியப்பான தற்செயல். ஆனால் வியந்து நின்றால் கேட்டற் பகுதியில் தீயும் புல்லும் ஒன்றாகிவிடும். வாயின் முன் கடதாசித் துண்டைப் பிடித்துச் சொல்லுங்கள், மூச்சொலிக்கு அது நன்கு அசையும் என்றேன். அசைந்தது. தீக்கும் அது சற்றே அசைந்ததுதான் எனக்குச் சங்கடமாயிற்று. சியோல் நகரத்து இளைஞர் பேச்சில் மூச்சளவு மட்டுமன்றிக் குரலின் உயரமும் இவ்விரண்டையும் பிரிக்கின்றது என்பதைப் பின்னரே கற்றேன். தீக்குக் குரல் தாழும், புல்லுக்கு உயரும். கொம்புக்கு வழி எளிது. ‘அப்பா’ என்று சொல்லுங்கள். முன்னுள்ள அகரத்தை மனத்திற்குள் விழுங்கிவிட்டு, எஞ்சிய இறுக்கத்தோடு சொல்லைத் தொடங்குங்கள். மேசன் வேலை பழகுபவன் முதல் முயற்சியிலேயே சொல்லிவிட்டான்.

அன்று முதல் தமிழெழுத்திற் குறிப்பெடுப்பதைத் தடுத்தேன். கொரிய எழுத்தைக் கற்பது அப்படியொன்றும் பெருந்தொல்லையன்று. 1443இல் செஜோங் மன்னர் ஆக்குவித்து 1446இல் வெளியிட்ட எழுத்து அது. அடிப்படை எழுத்துகள் இன்று 24. மெய் 14, உயிர் 10. ககரத்தின் வடிவம் நாவின் அடி எழுந்து மேலண்ணத்தைத் தடுக்கும் நிலையைக் காட்டுகின்றது. நகரத்தின் வடிவம் நாநுனி மேலே தொடும் நிலை. மகரம் வாயின் வடிவம். இவ்விளக்கத்தைக் கூறும் மூலநூற் பிரதி 1940இலேதான் கண்டெடுக்கப்பட்டது. தொல்காப்பியத்துப் பிறப்பியலைப் படித்த எவருக்கும் இஃது அந்நியமாகத் தோன்றாது. எழுத்துப் பிறக்கும் இடத்தை எம்மவர் நூற்பாவில் வைத்தனர். அவர்கள் எழுத்தின் உருவிலேயே வைத்துவிட்டனர்.

தமிழ் மாணாக்கனுக்கு இயல்பாகவே சில அனுகூலங்கள் உண்டு. குற்றியலுகரம் பாடசாலையில் எத்தனை பேரை வாட்டியது! கொரியத்தில் அது தனி உயிரெழுத்தாக வீற்றிருக்கின்றது. ‘குடம்’ என்பதன் முதலெழுத்தைப் போல இதழ் குவித்துக் ‘கு’ என்றால் ஒன்பது. ‘அழகு’ என்பதன் ஈற்றெழுத்தைப் போல இதழ் குவியாது சொன்னால் ‘அந்த’. இதனைக் கூறியபோது உயர்தரம் எழுதியவன், “தமிழ் வாத்தியார் அடித்தது வீண்போகவில்லை” என்றான். வாக்கிய அமைப்பும் எம்முடையதே. எழுவாய் முன்னும் வினை பின்னும் நிற்கும். உருபுகள் பெயரின் பின்னே ஒட்டும். ‘பப்’ என்பது சோறு; அதுவே உணவுக்கும் பெயர். ‘சாப்பிட்டீர்களா’ என்று நலம் விசாரிக்கும் வழக்கமும் அங்கு உண்டு.

இவ்வொற்றுமைகளைக் கண்டு, கொரியம் தமிழின் தங்கை என்று மேடையேறுவோர் உளர். ஹல்பர்ட் என்ற அமெரிக்க அறிஞர் 1905இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். இன்றைய மொழியியலார் அவ்வுறவை ஏற்பதில்லை. ‘அப்பா’வும் ‘ஒம்மா’வும் மழலை வாயில் எங்கும் பிறக்கும் சொற்கள். எனக்கு இதில் வருத்தமில்லை. உறவு இல்லாவிடினும் வழி ஒன்றாயிருப்பது எமக்குப் போதும்.

இனி என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். கொரியத்தில் எண்கள் இருவகை: நாட்டு வழக்கு ஒன்று, சீனத்திலிருந்து வந்தது மற்றொன்று. மணியை முதல் வகையாலும் நிமிடத்தை இரண்டாம் வகையாலும் சொல்ல வேண்டும். ஒன்றரை மணிக்கு ‘ஹன் சி சம்சிப் புன்’. நான் இரண்டையும் சீனவகையிலேயே கற்பித்து, ‘இல் சி’ என்று சொல்லவைத்தேன். இரண்டு கிழமை அப்படியே சென்றது. பயிற்சி ஒலிப்பதிவில் ‘ஹன் சி’ என்று கேட்டதும் எல்லாரும் விழித்தார்கள். நானும் விழித்தேன். அன்றிரவு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, மறுநாள் விறாந்தையில் நின்று, “நான் பிழையாகப் படிப்பித்துவிட்டேன்” என்றேன். காப்பை அடகு வைத்தவன் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதன்பின் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாகக் கோடிட்டோம். இடப்புறம், புத்தகத்திலோ ஒலிப்பதிவிலோ உறுதி கண்டது. வலப்புறம், நான் நினைப்பது மட்டும். வலப்புறத்திலுள்ளதை எவனாவது சரிபார்த்தபின்னரே இடப்புறத்திற்கு மாற்றுவோம். தேர்ந்த ஆசிரியரொருவர் வந்தால் இவ்விறாந்தையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் பாயில் அமர்வேன். வரும்வரை, நான் நேற்று இடறிய கல் எங்கே கிடக்கிறது என்றாவது சொல்ல முடிகிறது. நன்கு தேறியவர்கள் அந்தக் கல்லை மறந்திருப்பார்கள்.

சென்ற கிழமை நிலவைக் குறிக்கும் சொல்லைப் பலமுறை சொல்லிக் காட்டினேன். வள்ளத்திலிருந்து நேரே வந்திருந்தவன், காதிலிருந்த ஒலிக்கருவியைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தயங்கினான்.

“அண்ணா, கோபிக்க வேண்டாம். நீங்கள் இறுக்கிச் சொல்கிறீர்கள். இதிற் கேட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்னது நிலவு இல்லை, மகள்.”

கேட்டேன். மகள்தான்.