ஆண்டுநூலோடு வந்த துப்பறியும் விளையாட்டு

1985ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இயங்கிய புரோடர்பண்ட் நிறுவனம் ஆப்பிள் 2 கணினிக்காக வெளியிட்ட ‘வேர் இன் தி வேர்ல்ட் இஸ் கார்மென் சாண்டியேகோ?’ என்னும் விளையாட்டு, சிறுவர்க்கான துப்பறியும் கணினி விளையாட்டுகளுள் இன்றும் ஆராயத்தக்க ஒன்றாகும். டேன் பிகம் நிரல் எழுத, ஜீன் போர்ட்வுட்டும் லாரன் எலியட்டும் வடிவமைக்க, டேவிட் சீஃப்கின் கதைக்கு உருக்கொடுத்த இவ்விளையாட்டின் பெட்டிக்குள், நிரல் பதிந்த நெகிழ்வட்டுடன், நாடுகளின் கொடி, நாணயம், விளைபொருள், தலைநகர் முதலிய செய்திகளைத் தொகுத்து ஆண்டுதோறும் வெளிவரும் ‘தி வேர்ல்ட் அல்மனாக்’ என்னும் தடித்த ஆண்டுநூலும் இருந்தது. விளையாட்டின் தனித்தன்மை முழுவதும் அந்த நூலைச் சேர்த்தே வைத்ததில் அடங்கியிருக்கிறது.

ஆக்மி என்னும் துப்பறியும் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவராக ஆடும் சிறுவருக்கு, ஏதோ ஒரு நகரின் அரும்பொருள் களவுபோன செய்தி திங்கட்கிழமை காலையில் வருகிறது. ஞாயிறு மாலை 5 மணிக்குள் கள்வரைப் பிடித்தாக வேண்டும். களவு நடந்த நகரில் வங்கி, நூலகம், விமான நிலையம் போன்ற இடங்களில் விசாரித்தால் இருவகைத் துப்புகள் கிடைக்கும். கள்வர் அடுத்து எந்த நாட்டுக்குச் சென்றார் என்பதைக் குறிப்பால் உணர்த்துவது ஒருவகை. அவர் எந்த நாட்டு நாணயத்தை மாற்றிச் சென்றார், அவர் ஏறிய ஊர்தியில் எந்நிறக் கொடி பறந்தது என்பன போல அது அமையும்; நாட்டைக் கண்டறிய ஆண்டுநூல் உதவும். கள்வரின் தலைமுடி, பொழுதுபோக்கு, வண்டி முதலிய அடையாளங்களைச் சொல்வது மற்றொரு வகை. கொழும்பு, புதுதில்லி, சிங்கப்பூர் உள்ளிட்ட 30 நகரங்களின் வழியே இத்துரத்தல் நடைபெறுகிறது.

துப்பறிதலின் உண்மையான பயிற்சி இரண்டாம் வகைத் துப்பில்தான் இருக்கிறது. கள்வர் கூட்டத்தின் தலைவி கார்மெனையும் சேர்த்துச் சந்தேகத்துக்குரியோர் 10 பேர். ஒவ்வொருவருக்கும் பால், பொழுதுபோக்கு, முடியின் நிறம், வண்டி, தனி அடையாளம் என ஐந்து பண்புகள் குறிக்கப்பட்டுள்ளன. தேடப்படுபவர் பெண் என்றும், டென்னிஸ் ஆடுபவர் என்றும், மேற்கூரையை மடக்கக்கூடிய காரில் செல்பவர் என்றும் தெரிந்த பின்னரும் கார்மென், லேடி அகதா வேலண்ட் ஆகிய இருவர் எஞ்சுவதால், முடியின் நிறம் பழுப்பா சிவப்பா என்பதோ தனி அடையாளமோ தெரியும்வரை முடிவுக்கு வர இயலாது. பொருந்தாதவர்களை ஒவ்வொருவராக நீக்கி எஞ்சியவரைக் கண்டடையும் இம்முறையைத் தருக்க நூலார் விலக்கல் முறை என்பர். பெயர் உறுதியாகிப் பிடியாணை பெறாவிட்டால், கடைசி நகரில் கண்முன் நின்றாலும் கள்வரைக் கைதுசெய்ய முடியாது. தவறான பெயருக்குப் பெற்ற ஆணையும் பயன்படாது. சான்றின்றி எவரையும் பிடிக்கலாகாது என்னும் நெறியை அறிவுரையாகச் சொல்லாமல் ஆட்டத்தின் விதியாகவே அமைத்திருப்பது மிகச் சிறந்த வடிவமைப்பு.

காலக்கெடுவும் அவ்வாறே சிந்தித்து அமைக்கப்பட்டது. ஒவ்வொரு விசாரணைக்கும் பயணத்துக்கும் உறக்கத்துக்கும் மணிநேரம் செலவாவதால், இன்னொரு சாட்சியைக் கேட்பதா, கிடைத்ததை நம்பிப் புறப்படுவதா என்று எடைபோட வேண்டியிருக்கிறது. ஆயினும் விரல் வேகத்துக்கு இங்கே வேலையில்லை. கடிகாரம் செயலுக்கேற்பவே நகர்வதால், சிறுவர் ஆண்டுநூலைப் புரட்டி, உடனிருப்பவரோடு கலந்து பேசி, விரும்பிய அளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம். கதையின் குற்றம் களவு மட்டுமே, கொலை இல்லை. தோற்றாலும் அடுத்த வழக்கு காத்திருக்கிறது.

குறைகளும் சிறியன அல்ல. முதலாவதாக, சாட்சிகளுள் ஒருவர்கூடப் பொய் சொல்வதில்லை. கள்வரின் தடத்தில் இல்லாத நகருக்குச் சென்றால் அப்படி எவரையும் காணவில்லை என்பார்களே தவிர, மறைப்பவரும் மறந்தவரும் மாற்றிச் சொல்பவரும் அங்கே கிடையாது. ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிட்டு எது நம்பத்தக்கது என்று துணிவதே துப்பறிதலின் உயிர்நிலை என்பதால், இவ்விளையாட்டு அக்கலையின் பாதியை மட்டுமே கற்பிக்கிறது. களவு ஏன் நடந்தது என்ற கேள்வியும் எழுவதே இல்லை.

இரண்டாவது குறை புவியியல் சார்ந்தது. ஒரு நாட்டின் கொடியையும் நாணயத்தையும் அறிவது அந்நாட்டை அறிவதாகாது. மாலி நாட்டின் தலைநகர் பமாகோ என்று கற்கும் சிறுவர், அந்நகரை ஊடறுத்து நைஜர் ஆறு ஓடுவதையும், அந்த ஆற்றை நம்பி மக்கள் வாழும் முறையையும் தெரிந்துகொள்ள வழியில்லாமல் அடுத்த விமானத்தில் ஏறிவிடுகிறார். செய்திகள் பழையனவாகிவிடும் இடரும் உண்டு: சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது; பிராங்க், லிரா, டிராக்மா ஆகியவற்றின் இடத்தில் 2002இல் யூரோ பணம் புழக்கத்துக்கு வந்தது. மூன்றாவதாக, சந்தேகத்துக்குரியோர் பத்துப் பேரே ஆதலால், பல வழக்குகளை முடித்த சிறுவருக்கு அவர்களின் பண்புகள் மனப்பாடமாகி, விலக்கல் முறை சவாலற்றுப் போகிறது.

இக்குறைகளையும் மீறி விளையாட்டு பெரும் புகழ் பெற்று, அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1991 முதல் 1995 வரை சிறுவர் வினாவிடை நிகழ்ச்சியாகவும் ஒளிபரப்பானது. 2019இல் கூகுள் எர்த் என்னும் இணைய நிலப்படத்தில் அதன் புதிய வடிவம் இலவசமாக வெளிவந்தது. நகரங்களை வான்வழிப் படங்களாகவே காண முடிந்தது அதன் நன்மை, ஆனால் நூலைப் புரட்டும் உழைப்பு அங்கே மறைந்துவிட்டது. இந்த இழப்பு பெரியது. நாணயத்தின் பெயரைத் தேடி ஆண்டுநூலைத் திறந்த சிறுவர், தேடிய வரியை எட்டுவதற்குள் தேடாத பல வரிகளையும் படித்தார். தேடுபொறியோ கேட்டதை மட்டும் கொடுத்து நின்றுவிடுகிறது. இத்தகைய விளையாட்டைச் சிறுவர் கையில் கொடுக்கும் பெற்றோரும் ஆசிரியரும், ஒரு நிலப்பட நூலையும் நடப்பாண்டின் ஆண்டுநூல் ஒன்றையும் கணினிக்குப் பக்கத்தில் வைத்து, முதல் சில வழக்குகளில் தாமும் உடனிருந்து தேட வேண்டும்.