நெல் கிடக்கிறது, மில் ஓடவில்லை

2005 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் எடுத்த ஒரு படம் உண்டு. மொபீல் நகரத்தில் ஆற்றுக்கு மேலே பெரிய பாலம். அதன் அடியில், கண்மாய்க் கரையில் ஒதுங்கிய தெர்மோகோல் பெட்டி மாதிரி, ராட்சத எண்ணெய் மிதவை ஒன்று செருகிக் கிடக்கிறது. ‘கத்ரீனா’ புயல் தள்ளிவந்த கடல்நீர் ஆற்றுக்குள் ஏறியபோது, கப்பல் பட்டறையில் கட்டியிருந்த அந்த மிதவை கட்டை அறுத்துக்கொண்டு, வெள்ளத்தோடு மேலே வந்துவிட்டது.

படத்தைப் பார்த்தவுடன் மனசு ஒரு கணக்குப் போடும். இரும்பு மலையையே இழுத்துப் போட்ட காற்று. எண்ணெய்க் கிணறெல்லாம் நாசமாகியிருக்கும். அதனால்தான் பெட்ரோல் விலை ஏறியது. கணக்கு பாதிதான் சரி.

நாம் வங்கக்கடலில் புயல் என்கிறோம். அட்லாண்டிக் பக்கம் அதற்கு ஹரிகேன் என்று பெயர். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அதன் சீசன். மெக்சிகோ வளைகுடாவில் டெக்சாஸ் தொடங்கி அலபாமா வரை, கத்ரீனா வந்த காலத்தில் சுமார் 4,000 எண்ணெய், எரிவாயு மேடைகள் நின்றன. நாளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய், அமெரிக்க உற்பத்தியில் கால் பங்கு, அந்த மேடைகளிலிருந்து வந்தது.

புயல் சின்னம் வளைகுடாவுக்குள் நுழையும் முன்பே மேடைகளில் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பெயின்ட் அடிக்க வந்தவர், வெல்டிங்குக்கு வந்தவர், உற்பத்திக்கு நேரடியாகத் தேவைப்படாதவர் எல்லாம் முதல் ஹெலிகாப்டரில் கரைக்கு. கடைசியில் நிற்பவர்கள் கிணறுகளை ஒவ்வொன்றாக அடைப்பார்கள். கடல் தரைக்குக் கீழே, கிணற்றுக் குழாய்க்குள்ளேயே ஒரு வால்வு இருக்கிறது. மேலே மேடையே போனாலும் அது மூடிக்கொண்டு நிற்கும். ஆழ்கடலில் இன்னொரு தொல்லை. ஓட்டம் நின்ற குழாயில் எண்ணெய் குளிர்ந்தால், உள்ளே இருக்கும் வாயுவும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி மாதிரி உறைந்து அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க மெத்தனால் ஏற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். துளையிடும் கப்பலாக இருந்தால் கிணற்று வாயில் அடைப்பானை விட்டுவிட்டு, நீளக் குழாயைத் துண்டு துண்டாக மேலே இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம். நட்டு வைத்த மேடைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இப்படி ஆளை முன்கூட்டியே இறக்கிவிட்டதால்தான் 2005இல் வளைகுடா மேடைகளில் புயலுக்கு உயிர்ப்பலி இல்லை. 2021 மே மாதம் ‘டவ்தே’ புயலில், மும்பை கடலில் 261 பேரோடு பி-305 மிதவை மூழ்கி எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததை நினைத்தால், அந்த முதல் ஹெலிகாப்டரின் அருமை தெரியும்.

காலி மேடைகளின் மேல் கத்ரீனா ஏறியது. நியூ ஆர்லியன்ஸுக்குத் தென்கிழக்கே, 900 மீட்டர் ஆழத்துக்கு மேலே மிதக்கிறது ஷெல் கம்பெனியின் ‘மார்ஸ்’. நாளுக்கு 1.4 லட்சம் பீப்பாய் எண்ணெய் தந்த மேடை. அதன் தளத்தில் துளையிடும் கோபுரத்தைப் பிடித்திருந்த பிடிப்புகள் விட்டுப்போக, சுமார் 1,000 டன் இரும்பு அப்படியே சரிந்து தளத்தின் மேலேயே விழுந்தது. கீழே கிணறுகள் பத்திரம், மேலே அலங்கோலம். மறுபடி எண்ணெய் வர அடுத்த வருஷம் மே ஆனது. நாலு வாரத்தில் வந்த ‘ரீட்டா’ செவ்ரானின் ஒரு மேடையைக் கட்டிலிருந்து பிய்த்துக் குப்புறக் கவிழ்த்து, வெகுதூரம் தள்ளிக்கொண்டு போனது. அந்த மேடைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘டைஃபூன்’. மேற்குப் பசிபிக் பக்கம் புயலுக்கு அதுதான் பெயர். யார் வைத்தார்களோ!

இரண்டு புயலும் சேர்ந்து அழித்த மேடைகள் 113. கேட்கப் பெரிய எண். ஆனால் பெரும்பாலானவை கரையோரம் ஆழமில்லாத கடலில் நின்ற கிழட்டு மேடைகள். வளைகுடாவின் மொத்த உற்பத்தியில் அவற்றின் பங்கு மிகச் சொற்பம். வலித்த இடம் வேறு. கடலடியில் 457 குழாய்கள் சேதம். கரையில் சுத்திகரிப்பு ஆலைகள் தண்ணீரிலும் இருட்டிலும் கிடந்தன. ஹூஸ்டனிலிருந்து நியூ ஜெர்சி வரை பெட்ரோலும் டீசலும் கொண்டுபோகும் ‘கலோனியல்’ குழாய், கத்ரீனா அடித்த கையோடு நின்றது. குழாய் உடையவில்லை, பம்ப் ஓட்டக் கரண்ட் இல்லை. அந்தக் குழாயில் பெட்ரோல் போவது ஆள் நடக்கிற வேகத்தில்தான். முனைக்கு முனை போய்ச்சேர இரண்டரை வாரத்துக்கு மேல். ஒரு நாள் நின்றால் அதன் வலி எங்கெங்கோ, எப்போதோ தெரியும்.

ஒரு வாரத்தில், அமெரிக்க சராசரி விலை கேலனுக்கு (3.8 லிட்டர்) 2.61 டாலரிலிருந்து 3.07 டாலருக்கு ஏறியது. ரீட்டா வந்தபோது ஜார்ஜியா மாநில கவர்னர், பள்ளிப் பேருந்துகளின் டீசலை மிச்சம் பிடிக்கப் பள்ளிக்கூடங்களை இரண்டு நாள் மூடச் சொன்னார். பனி கொட்டினால் விடுகிற லீவை, செப்டம்பர் வெயிலில் டீசலுக்காக விட்டார்கள். புயல் அடித்தது வேறு மாநிலத்தில்.

அரசாங்கத்திடம் கையிருப்பு இல்லாமல் இல்லை. டெக்சாஸ், லூசியானா மண்ணுக்கடியில் உப்புப் பாறையைக் குடைந்து கோடிக்கணக்கான பீப்பாய் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆனால் அது கச்சா எண்ணெய். ஆலை ஓடாதபோது அதைத் திறந்துவிட்டு என்ன செய்வது? சர்வதேச எரிசக்தி முகமை 6 கோடி பீப்பாய் விடுவிப்பதாக அறிவித்ததில் நேரடியாகக் கைகொடுத்தது, ஐரோப்பிய நாடுகள் பெட்ரோலாகவே சேமித்து வைத்திருந்த பங்குதான். விலை ஏற ஒரு வாரம். பழைய இடத்துக்கு இறங்க அக்டோபர் கடைசி ஆயிற்று. ஏறுவதற்கு லிஃப்ட், இறங்குவதற்குப் படிக்கட்டு.

எனக்கு இது நெல்லை வைத்துச் சொன்னால்தான் விளங்குகிறது. ஊரில் நெல் அறுவடையாகிக் குவிந்து கிடக்கிறது. ரைஸ் மில்லில் தண்ணீர் புகுந்துவிட்டது. என்ன ஆகும்? அரிசி விலை ஏறும். நெல்லை வாங்க ஆளில்லாமல் நெல் விலை இறங்கும். 2017 ஆகஸ்டில் ‘ஹார்வி’ செய்தது அச்சு அசலாக இதைத்தான். அது டெக்சாஸ் கரையில் உட்கார்ந்துகொண்டு, ஹூஸ்டன் பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. கடலில் நின்ற உற்பத்தி கால் பங்கு மட்டும். நாட்டின் சுத்திகரிப்புத் திறனிலும் ஏறக்குறைய கால் பங்கு முடங்கியது. பங்க்கில் பெட்ரோல் கேலன் 2.40 டாலரிலிருந்து 2.68க்கு ஏறிய அதே நாட்களில், அமெரிக்கக் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 46 டாலருக்குக் கீழே இறங்கியது. டிவியில் “புயலால் எண்ணெய் விலை” என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். எந்த எண்ணெய் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

2021இல் ‘ஐடா’ கரையேறியது போர்ட் ஃபோர்ஷோனில். ஆழ்கடல் மேடைகளுக்குச் சாப்பாட்டிலிருந்து சிமெண்ட் வரை ஏற்றி அனுப்பும் துறைமுகம். தேதி ஆகஸ்ட் 29, கத்ரீனா வந்த அதே நாள். வளைகுடா எண்ணெயில் 95 சதவீதம் நின்றது. அதில் பெரிய அடி வாங்கியது ‘வெஸ்ட் டெல்டா 143’ என்ற மேடை. மார்ஸ் பக்கத்து எண்ணெயைக் கரைக்குத் தள்ளிவிடும் சந்தி அது. 2005இல் தானே நொறுங்கிய மார்ஸ், இந்த முறை போகிற வழி அடைபட்டுக் காத்திருந்தது. அந்தச் சந்தி மறுபடி இயங்க நவம்பர் ஆயிற்று.

இதற்கிடையே தரையில் ஷேல் பாறையை உடைத்து எடுக்கும் எண்ணெய் பெருகி, அமெரிக்க உற்பத்தியில் வளைகுடாவின் பங்கு ஏழில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. மில்கள் மட்டும் இடம் மாறவில்லை. நாட்டின் சுத்திகரிப்புத் திறனில் கிட்டத்தட்ட பாதி இன்னும் அதே கரையில், அதே புயல் வழியில். அதனால் வானிலை வரைபடத்தில் வியாபாரிகளின் கண், புயல் எத்தனை மேடையைக் கடக்கிறது என்பதைவிட, கடைசியில் ஹூஸ்டன் பக்கம் வளைகிறதா என்பதில்தான்.

2024 செப்டம்பர் 11 அன்று ‘ஃபிரான்சின்’ லூசியானாவில் கரையேறியது. கடலில் ஐந்தில் இரண்டு பங்கு எண்ணெய் நின்றுபோனது. ஹெலிகாப்டர்கள் வழக்கம்போல ஆட்களை இறக்கின. கச்சா எண்ணெய் ஓரிரு நாள் சற்றே ஏறியது. பங்க்கில் பெட்ரோல் விலை அந்த வாரமும் சில சென்ட் இறங்கியது.