'நனோ' பில்டரும் பீலித் தண்ணீரும்

ஹட்டனில் என் கடைக்கு வழமையாக வரும் தோட்டத் தொழிலாளி ஒருவர், 'நனோ' என்று பெரிதாக அச்சிட்ட தண்ணீர் பில்டரைக் கையில் எடுத்துக் கேட்டார்: "நானா, மேல மரக்கறித் தோட்டத்துல அடிக்கிற மருந்தெல்லாம் மழைக்கு நம்ம பீலித் தண்ணியில கலக்குது. இது அந்த மருந்தை எடுத்துருமா?"

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பதில் இல்லை. சரக்குத் தந்த ஏஜென்டுக்கும் தெரியவில்லை. அதன் பின்னரே விசாரிக்கத் தொடங்கினேன்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் கரைந்திருக்கும் கிருமிநாசினி பெரும்பாலும் போகாது. கரி ஓரளவு பிடித்து வைக்கும். நிரம்பியதும் அதன் வேலை முடிந்துவிடும். நஞ்சும் அழியாமல் கரியிலேயே இருக்கும்.

ஊக்கி என்பது வேறு. அது நஞ்சை உடைக்கும், தான் செலவாகாது. 1972இல் ஜப்பானியரான புஜிஷிமாவும் ஹொண்டாவும், டைட்டேனியம் டயொக்சைட்டில் ஒளி பட்டால் தண்ணீரே பிரிவதைக் காட்டினார்கள். அதே வழியில் நீரிலுள்ள நஞ்சையும் சிதைக்கலாம் எனப் பின்னர் தெரியவந்தது. ஆனால் இதற்குப் புறஊதா ஒளி வேண்டும்; வெயிலில் அது சிறு பங்கே. மேலும், பொடி மிக நுண்ணியது என்பதால் திரும்ப எடுப்பதும் சிரமம். ஆகவே கரியையோ இரும்பு ஒட்சைட்டையோ சேர்க்கிறார்கள். கரி நஞ்சைப் பிடித்துக் கொடுக்கும். இரும்பு சேர்ந்த பொடியைக் காந்தத்தால் மீட்கலாம். இதுவே நனோ கலப்பு ஊக்கி.

இது வெறும் ஆய்வுகூடக் கதையல்ல. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப்பின் குழு, வெள்ளி நனோத் துகள்களால் குளோர்பைரிபொஸ் போன்ற பூச்சிமருந்துகளை அகற்றும் முறையைக் கண்டது. 2007இல் அது பில்டராகவே சந்தைக்கு வந்தது.

நம்மிடம் என்ன குறை? டைட்டேனியம் தரும் இல்மனைட் மணல் புல்மோட்டையில் உண்டு. கரிக்குத் தேயிலைக் கழிவு உண்டு. அக்கரி மருந்து எச்சமொன்றை நீரிலிருந்து பிடிப்பதை இலங்கை விஞ்ஞானிகளும் பங்குகொண்ட ஆய்வு 2014இல் காட்டியது. 2008இல் தொடங்கிய நனோ தொழில்நுட்ப நிறுவனம் ஹோமாகமவில் இருக்கிறது. மணலை மணலாகவே விற்று, முடித்த சாமானை டொலர் கொடுத்து வாங்குவதுதான் நமது நட்டம்.

வியாபாரச் சகோதரர்களே, 'நனோ' சரக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நஞ்சை, எவ்வளவு அகற்றும், சோதித்தது யார்? ஒளி தேவையா, எத்தனை லீற்றருக்குத் தாங்கும்? நஞ்சு முழுதாக உடைகிறதா, பொடி தண்ணீரில் கலந்து வருமா? பாதி உடைந்த நஞ்சு சிலவேளை முன்னையதை விடக் கெட்டது. ஈயம், ஆர்சனிக் போன்றவற்றை எந்த ஊக்கியாலும் அழிக்க முடியாது. பிடித்து அகற்றத்தான் முடியும்.

அந்த பில்டரை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். தொழிலாளியிடம், "இது அந்த மருந்தை எடுக்கும் என்று என்னால் சொல்ல முடியாது" என்றேன். ஒரு விற்பனை போனது, வாடிக்கையாளர் போகவில்லை.