அப்பாசாமி: ஒரு குடும்பப் பெயரின் தோற்றமும் பொருளும்

கோயம்புத்தூர்ப் பேராயத்தின் முதற் பேராயராக 1950 முதல் 1959 வரை பணியாற்றிய ஏ. ஜே. அப்பாசாமி அவர்களை நம் இறையியல் மாணவர் அனைவரும் அறிவர். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல் இன்றும் நம் வகுப்பறைகளில் பயிலப்படுகிறது. ஆயின் ‘அப்பாசாமி’ என்பது அவருக்கு இடப்பட்ட பெயரன்று. அவர் தந்தையாரின் பெயர். பேராயரின் சொந்தப் பெயர் அய்யாதுரை யேசுதாசன் என்பதாகும். அவரைக் குறிக்க வேண்டிய போதெல்லாம் நாம் அவர் தந்தையையே பெயர் சொல்லி அழைத்து வருகிறோம்.

தந்தையார் ஏ. எஸ். அப்பாசாமிப் பிள்ளை சைவ மரபில் பிறந்து, இளமையில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர், வழக்கறிஞர். முதிர்ந்த வயதில் நம் நாட்டுத் தியான முறைகளைக் கிறிஸ்தவ ஜெபத்திற்குத் துணையாகக் கொண்டவர். மதம் மாறியபோது அவர் தம் பழைய பெயரை விட்டுவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தரங்கம்பாடி மிஷனில் 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியரான ஆரோன், ஆறுமுகமாகப் பிறந்தவர். திருமுழுக்கோடு அப்பெயர் மறைந்தது. 1858இல் திருமுழுக்குப் பெற்ற கவிஞர் கிருஷ்ண பிள்ளையோ ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரை முன்னே ஏற்று, பழம்பெயரையும் பின்னே வைத்துக்கொண்டார். அப்பாசாமிப் பிள்ளை இந்த இரண்டாம் நெறியைச் சேர்ந்தவர். மகனுடைய காலத்தில் நிகழ்ந்தது வேறொன்று. சாது சுந்தர் சிங்கைப் பற்றி ஸ்ட்ரீட்டருடன் இணைந்து 1921இல் அவர் வெளியிட்ட நூலின் முகப்பிலேயே ‘பிள்ளை’ இல்லை. சாதிப் பட்டம் உதிர்ந்தது. தந்தையின் பெயர் குடும்பப் பெயராக நிலைத்தது. சாதிப் பட்டங்களைத் துறக்கும்படி சுயமரியாதை இயக்கத்தின் செங்கற்பட்டு மாநாடு தீர்மானித்தது 1929இல்தான் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

தமிழருக்குக் குடும்பப் பெயர் என்னும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரோ ஊரின் பெயரோ முதலெழுத்தாக முன்னே நிற்கும். அடுத்த தலைமுறையில் அவ்வெழுத்து மாறிவிடும். ஆயினும் பெயர் அழிவதில்லை. பாட்டனின் பெயரைப் பெறுபவன் ஆதலால் ‘பெயரன்’. அதுவே மருவிப் ‘பேரன்’ ஆயிற்று. மேனாட்டில் பெயர் தந்தையிடமிருந்து மகனுக்கு நேரே இறங்குகிறது. நம்மிடம் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிக்கிறது. ‘அப்பாசாமி’ போன்ற பெயர்கள் பரவியதற்கும் இதுவே ஒரு காரணம் எனக் கருதுகிறோம். மாமனாரின் பெயரைச் சொல்லலாகாது என்னும் கட்டுப்பாடு உள்ள வீட்டில், அவர் பெயரையே தாங்கிய குழந்தையைத் தாய் எவ்வாறு அழைப்பாள்? ‘அப்பா’, ‘ஐயா’, ‘பெரியவன்’ என்றுதான். அய்யாசாமி, பெரியசாமி, அப்பாசாமி ஆகிய பெயர்களுக்குள் இந்த மரியாதை ஒளிந்து நிற்கிறது.

பொருள் எளிது. ‘அப்பா’ என்பது தகப்பனை விளிக்கும் சொல்; ‘சாமி’ என்பது உடையவன், தலைவன் எனப் பொருள்படும் வடசொல்லாகிய ‘ஸ்வாமி’யின் தமிழ் வடிவம். மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6 ஆகிய இடங்களில் வரும் அரமேயச் சொல்லும் நம் வேதாகமத்தில் ‘அப்பா’ என்றே எழுதப்பட்டிருப்பதால், இரண்டும் ஒரு சொல்லே எனப் பிரசங்க மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. அது தவறு. மழலையின் வாயில் முதலில் எழும் ஒலிகள் பல மொழிகளில் ஒத்திருக்கின்றன, அவ்வளவே. பக்தி மார்க்கத்தை எழுதியவரின் பெயரிலேயே தந்தையும் ஆண்டவரும் சேர்ந்து நிற்பது இனிய தற்செயல். அதன்மேல் இறையியல் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை.

அப்பேராயரின் காலத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்ததும், 1979இல் பெரியார் மாவட்டத்திற்கும் 2009இல் திருப்பூர் மாவட்டத்திற்கும் சென்றதுமான தாராபுரம் வட்டத்தில், முருங்கையும் பருத்தியும் விளையும் மூலனூரில் நின்று இப்பெயரை நோக்கினால் வேறு சில செய்திகள் புலப்படும். கொங்கு வழக்கில் தந்தை ‘ஐயன்’. தந்தையின் தந்தை ‘அப்பாரு’. தாயின் தந்தை ‘அப்புச்சி’. ஆகவே ‘அப்பா’ என்னும் அடி அங்கே பாட்டனை நோக்கியே சாய்கிறது. ‘சாமி’யோ இருமுகம் கொண்டது. தாய் தன் மகவைக் கொஞ்சும்போது ‘சாமி’ என்பாள். அதே ஊரில், பண்ணையில் உழைத்தவன் நிலவுடைமையாளனைக் கூப்பிட்டதும் ‘சாமி’ என்றே. தன்னிலும் வயதிற் சிறியவனை, சிறுவனைக்கூட, அவ்வாறு அழைக்க வேண்டியிருந்தது. அவனோ முதியவரைப் பெயர் சொல்லி, அதையும் சுருக்கி அழைத்தான்.

தாராபுரம் பகுதியில் வெஸ்லியன் மிஷனின் காலத்தில் திருச்சபையில் சேர்ந்தோர் மிகப் பெரும்பாலும் இவ்வாறு அழைக்கப்பட்ட மக்களே. அவர்களுக்குத் திருமுழுக்கு ஒரு பெயரைத் தந்தது. எவரும் சுருக்கிக் கூப்பிடத் தயங்கும் ஒரு முழுப்பெயரைத் தந்தது. யாக்கோபு, சாமுவேல், தேவசகாயம் என்பன அவர்களுக்கு அந்நியப் பெயர்களாக அல்ல, விடுதலைப் பெயர்களாகவே ஒலித்தன. பழம்பெயரைக் காத்துக்கொள்வதே பண்பாட்டுக்கு ஏற்றது என்று நாம் கல்லூரியில் கற்பிக்கும்போது, காத்துக்கொள்ளத்தக்க பெயர் எவர்க்கு இருந்தது என்று கேட்டறிவது நம் கடமை. அப்பாசாமிப் பிள்ளையும், அதே மரபில் சக்கரையும் செஞ்சையாவும் தத்தம் பெயரோடு நிற்க முடிந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினரின் உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். ஆதலால் ஆலயப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் மற்றொரு பெயருமாக வாழும் குடும்பங்கள் பல. இரு ஏட்டுக்கும் பொருந்தும் பெயரைப் பெற்றோர் தேடுகின்றனர். எச்சமயத்தையும் எச்சாதியையும் வெளிப்படையாக அறிவிக்காத ‘அப்பாசாமி’ போன்ற பெயர்கள் அத்தகையவை. அதனை அச்சத்தின் பெயர் என்று இகழ்வது, சான்றிதழுக்காக ஒருபோதும் கவலைப்படாதவர்க்கு எளிது.

இப்பெயரின் வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடுபெயராக முந்தைய தலைமுறைகளில் இது அரிதன்று. குடும்பப் பெயராகத் தமிழ்நாட்டில் அரிதே. திருநெல்வேலியில் சி.எம்.எஸ். சங்கத்தின் நூற்றாண்டு வரலாற்றை 1923இல் எழுதிய பால் அப்பாசாமி, கலை வரலாற்றாசிரியர் ஜெயா அப்பாசாமி ஆகியோரை வாசகர் அறிந்திருக்கலாம். அறிவியல் எழுத்தாளர் பெ. நா. அப்புஸ்வாமியின் பெயர் வேறு. பேராயர் பிறந்த அதே 1891இல் பிறந்தவராதலால் நூலகப் பட்டியல்களில் இருவரையும் மயங்காதிருத்தல் நலம். கடல் கடந்த நாடுகளில் நிலைமை மாறுகிறது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘டிரூரோ’ கப்பல் நேட்டாலை அடைந்தது முதல் 1911 வரை, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் பெயர்களை எழுத்தர்கள் ஏட்டில் பதித்தனர். அவ்வாறு எழுதப்பட்ட ஒற்றைப் பெயர்கள் பல, பின் வந்தோர்க்குக் குடும்பப் பெயர்களாகிவிட்டன. ‘கவுண்டர்’ அங்கே ‘கோவெண்டர்’ ஆயிற்று. பாளையங்கோட்டைக் குடும்பம் கல்வியின் வழியாக அடைந்ததைக் கூலிகள் எழுத்தரின் பேனா வழியாக அடைந்தனர்.

இன்று அந்தப் பேனா நம் போதகர்களின் கையிலும் இருக்கிறது. திருப்பூர்ப் பனியன் தொழிலை நம்பிய குடும்பங்களின் பிள்ளைகள் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, இடுபெயர், குடும்பப் பெயர் என இரு கட்டங்களை எதிர்கொள்கின்றனர். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபின் இக்கேள்வி கூர்மையாயிற்று. பெரும்பாலோர் தந்தையின் பெயரை இரண்டாம் கட்டத்தில் எழுதுகின்றனர். அதாவது பேராயரின் குடும்பத்தில் ஒரு நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்ததையே தாமும் செய்கின்றனர். ஆதலால் திருமுழுக்குப் பதிவேட்டில் எழுதுமுன், பள்ளியில் எப்பெயர் தரப்போகிறார்கள், தந்தையின் பெயர் எவ்வெழுத்துகளில் ஆவணங்களில் உள்ளது என்று பெற்றோரைக் கேட்பது நலம். தாயின் பெயரையும் கேட்கலாம்; அதைக் குடும்பப் பெயராக்க விரும்பும் பெற்றோர் இருப்பின், இறையியல் அடிப்படையில் அதற்குத் தடை யாதொன்றும் இல்லை.