பெட்டி பிரிக்காத 40 வருஷ ‘புது’ ஊசி: ரெக்கார்டு ப்ளேயருக்கு வாங்கலாமா?

ரெக்கார்டு ப்ளேயர் பாகங்களை ஆன்லைனில் தேடுபவர்கள் கண்ணில் அடிக்கடி படும் விளம்பரம் இது: “1980களில் தயாரானது. ஒரிஜினல் ஊசி. பெட்டி பிரிக்கப்படவில்லை.” பல நேரம் விலை, இன்று கடையில் கிடைக்கும் நல்ல புது கார்ட்ரிட்ஜைவிட அதிகமாகவே இருக்கும். ‘யாரும் தொடாத சரக்குதானே, தைரியமா வாங்கலாம்’ என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ஊசிக்கு வயசாகும்.

கார்ட்ரிட்ஜ், ஸ்டைலஸ்: எது எது?

டோன்ஆர்மின் முனையில் இருக்கும் சிறு பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிப் பகுதி ஸ்டைலஸ். இசைத்தட்டின் பள்ளத்தில் வைர முனை ஓடும்போது, அது பொருத்தப்பட்ட மெல்லிய தண்டு அதிரும். தண்டின் மறுமுனையில் உள்ள குட்டிக் காந்தமும் சேர்ந்து அசையும். அதனால் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. நாம் கேட்கும் பாட்டு அதிலிருந்துதான் வருகிறது.

இது ‘மூவிங் மேக்னட்’ வகை. இதில் ஊசியை மட்டும் கையாலேயே கழற்றி மாற்றலாம். ‘மூவிங் காயில்’ வகையில் சுருளே தண்டோடு சேர்ந்து அசையும். அதனால் பெரும்பாலான மாடல்களில் ஊசியைத் தனியாகக் கழற்ற முடியாது. நிபுணரிடம் அனுப்பித்தான் மாற்ற வேண்டும், செலவும் எகிறும்.

தொடாத ஊசி எப்படிக் கெடும்?

வைரம் காலத்தால் கெடாது, ஓடினால்தான் தேயும். 500 முதல் 1,000 மணி நேரம் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. காந்தமும் கம்பிச்சுருளும் பல பத்தாண்டுகள் உழைக்கும். கெடுவது, தண்டைத் தாங்கிப் பிடிக்கும் சின்ன ரப்பர் துண்டு. மேஜை டிராயரில் சும்மா கிடக்கும் ரப்பர் பேண்ட் இறுகி நொறுங்குவதைப் போலத்தான் இதுவும்.

ரப்பர் இறுகிவிட்டால், பள்ளத்தின் வளைவு நெளிவுகளை முனையால் பின்தொடர முடியாது. ‘ச’, ‘ஸ’ ஒலிகள் கரகரக்கும். உச்சஸ்தாயியில் குரல் உடையும். ரப்பர் இளகிவிட்டால், கார்ட்ரிட்ஜின் அடிப்பகுதி தட்டில் உரசும் அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

பாட்டு சுமாராகக் கேட்கிறது என்பதோடு போனால் பரவாயில்லை. முனையின் மேல் விழும் எடை பொதுவாக 2 கிராம் அளவில்தான். ஆனால் அது தட்டைத் தொடும் இடம் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. அதனால் அங்கே அழுத்தம் மிக அதிகம். சரியாக ஓட முடியாத முனை, பள்ளத்தின் சுவரைச் செதுக்கிவிடும். ஊசியை மாற்றிக்கொள்ளலாம், செதுக்கப்பட்ட பள்ளத்தைச் சரிசெய்ய வழியே இல்லை. தாத்தா காலத்து, மறுபதிப்பு வராத தட்டு என்றால் இழப்பு நிரந்தரம்.

அப்புறம் ஏன் பழசைத் தேடுகிறார்கள்?

காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் ஷ்யூர் நிறுவனம் 1964-ல் அறிமுகப்படுத்திய வி15 வரிசைக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. அந்த நிறுவனம் 2018-ல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. அதனால் மிச்சமிருக்கும் ஒரிஜினல் ஊசிகளுக்குக் கிராக்கி கூடியது.

ஆனால் இங்கே வேறொரு வழி இருக்கிறது. கார்ட்ரிட்ஜின் உடல் நன்றாக இருந்தால் போதும், ஊசி புதிதாக இருக்கலாம். ஜப்பானின் ஜிகோ போன்ற நிறுவனங்கள் பழைய ஷ்யூர் மாடல்கள் பலவற்றுக்கு இன்றும் ஊசி தயாரிக்கின்றன. ஒரு எச்சரிக்கை: ‘இந்த மாடலுக்குப் பொருந்தும்’ என்றால் ‘அதே தரம்’ என்று அர்த்தமில்லை. மலிவான மாற்று ஊசிகளில் முனையின் வடிவமும் தண்டும் வேறாக இருக்கலாம். மாட்டினால் மாட்டும், ஆனால் பழைய ஒலி வராது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

• முதலில் ஊசியைத் தேடுங்கள், பிறகு கார்ட்ரிட்ஜை. இன்று தயாராகும் நல்ல ஊசி இல்லாத மாடலைத் தவிர்ப்பது நல்லது.

• மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் என்றால், இரண்டு சேனலையும் மல்டிமீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓம் காட்ட வேண்டும். ஒன்று எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கலாம்.

• ஊசியோடு வந்தால், தண்டு நேராக இருக்கிறதா என்று நெருக்கமான போட்டோ கேளுங்கள்.

• 1970களின் பல கார்ட்ரிட்ஜ்கள் எடை குறைந்த டோன்ஆர்முக்கு ஏற்றவை. உங்கள் ப்ளேயரோடு ஒத்துப்போகுமா என்று பாருங்கள்.

• பழைய உடல், புது ஊசி இரண்டின் விலையையும் கூட்டி, புது கார்ட்ரிட்ஜோடு ஒப்பிடுங்கள். உதாரணமாக, ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் ஒரே உடலில் 6 வகை ஊசிகளை மாற்றி மாட்டலாம். 78 சுழற்சித் தட்டுக்கான ஊசியும் அதில் அடக்கம்.

முடிவாக?

வீட்டிலேயே ஒரு நல்ல பழைய கார்ட்ரிட்ஜ் இருந்தால், புது ஊசி வாங்கி மாட்டுவது லாபம். குறைந்த விலைக்குச் சோதித்த உடல் கிடைத்தாலும் யோசிக்கலாம். புதிதாக ரெக்கார்டு கேட்கத் தொடங்குபவருக்குப் புது கார்ட்ரிட்ஜே பாதுகாப்பு. ‘பெட்டி பிரிக்காத’ 40 வருஷ ஊசிக்குப் பெரிய விலை கேட்டால் மட்டும் ஒரு கேள்வி போதும்: உள்ளே இருக்கும் ரப்பருக்கு வயசு என்ன?