கறிவேப்பிலை மேல கரி: கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க

வீட்டுத் தோட்டம் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு கேட்டிருந்தேன் இல்லையா, பாகூர் பக்கத்துல இருந்தும் வில்லியனூர் பக்கத்துல இருந்தும் வந்த வாய்ஸ் நோட்டுகள்ல பாதிக்கு மேல ஒரே புகார்தான். கறிவேப்பிலை கருப்பாயிடுச்சு. கொய்யா இலையில கரி படிஞ்சிருக்கு. செம்பருத்தியைத் தொட்டா விரல் பிசுபிசுன்னு ஒட்டுது. ஒருத்தர் வாழையைச் சொல்றார், இன்னொருத்தர் மரத்தடியில நிறுத்தின பைக் சீட்டையே சொல்றார்.

பைக்குக்கு நோய் வராது. நமக்கு அங்கேயே சந்தேகம் வரணும். ஆபீஸ்ல அஞ்சு சர்வீஸ் ஒரே நேரத்துல எரர் காட்டினா, அஞ்சையும் தனித்தனியா பிரிச்சுப் போட்டுப் பார்க்க மாட்டோம். அஞ்சுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு தேடுவோம். இந்தத் தோட்டங்கள்ல அந்தப் பொதுவான விஷயம் தலைக்கு மேல நிக்குது: தென்னை.

முதல்ல அந்தக் கரி என்னன்னு பார்ப்போம். அதுக்குப் பேரு கரும்பூசணம். பூஞ்சைதான், ஆனா அது செடியைத் தின்னறதில்ல. இலை மேல சிந்திக் கிடக்கற சர்க்கரைத் தண்ணியைச் சாப்பிட்டு வளருது. இலைக்கு அது செய்யற கெடுதல், வெயிலை மறைக்கறது. ஈரத் துணியால இலையைத் துடைச்சுப் பாருங்க. கரி வந்துட்டு அடியில பச்சை தெரிஞ்சா கரும்பூசணம். புள்ளி இலையோட இலையா ஊறிப்போய், துடைச்சும் வரலைன்னா அது வேற நோய்.

சரி, சர்க்கரைத் தண்ணி எங்கிருந்து வந்தது? தென்னங்கீத்தோட அடிப்பக்கத்தைப் பாருங்க. வெள்ளை மெழுகால வட்டம் வட்டமா கோலம் போட்ட மாதிரி இருந்தா, அது சுருள் வெள்ளை ஈ முட்டை வச்ச இடம். ரூகோஸ் வெள்ளை ஈன்னும் சொல்வாங்க. மத்திய அமெரிக்காப் பக்கத்துப் பூச்சி. 2009ல ஃப்ளோரிடாவுல தலை காட்டினது, 2016ல பொள்ளாச்சித் தென்னந்தோப்புகள்ல கண்ணுல பட்டது. இந்தியாவுல முதல் பதிவு அதுதான். அப்புறம் தென்னை இருக்கற ஊர் ஊரா பரவிடுச்சு.

இந்த ஈ ஏன் சர்க்கரையைக் கொட்டுதுன்னு கேட்டா, பதில் ரொம்ப அழகானது. இலைச் சாறுல சர்க்கரை ஏகப்பட்டது, புரதத்துக்கு வேண்டிய சத்து ரொம்பக் கம்மி. அந்தக் கொஞ்சூண்டு சத்துக்காக ஈ லிட்டர் கணக்கா குடிக்கணும் (அதோட லிட்டர்ல!). மிச்சச் சர்க்கரையை அப்படியே பின்னால வெளியே தள்ளிடுது. அது நாள் முழுக்க தூறலா கீழ விழுது. செம்பருத்தி நுனியில வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டற மாவுப்பூச்சியும் இதே கதைதான். அங்க எறும்பு வரிசை கட்டி ஏறறதும் அந்தச் சர்க்கரைக்காகத்தான்.

இப்போ நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னா, கறிவேப்பிலைக்குப் பூஞ்சை மருந்து அடிக்கறாங்க. மேல இருந்து சர்க்கரை மழை நிக்காத வரைக்கும் கரி திரும்பத் திரும்ப வரும். அடுத்த கட்டமா பூச்சி மருந்து. பாகூர்ல எங்க ஆயா வீட்டுலயும் இது நடக்க இருந்தது. மருந்துக் கடையில கொடுத்த பாட்டிலோட ஆயா நின்னாங்க. "கறிவேப்பிலைக்கு மட்டும் லேசா அடிச்சுடறேன்டா"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி ரசத்துக்கு இலை எங்கிருந்து பறிப்பீங்க ஆயான்னு கேட்டேன். பாட்டில் திண்ணைக்குப் போயிடுச்சு.

சாப்பாட்டுல விஷம் ஏறுதுங்கறது ஒரு பிரச்சினை. இன்னொண்ணு கண்ணுக்கே தெரியாது. என்கார்சியா குவாடலூப்பேன்னு ஒரு ஒட்டுண்ணிக் குளவி, ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. வெள்ளை ஈயோட குஞ்சுக்குள்ள முட்டை வைக்கும். குளவிப் புழு உள்ளேயே தின்னு வளர்ந்து, ஓட்டுல வட்டமா ஓட்டை போட்டு வெளியே வரும். ஈ நல்லபடியா பொறந்திருந்தா அந்த ஓட்டுல டி வடிவத்துல கிழிசல் இருக்கும். போன் கேமராவுக்கு மாட்டற சின்ன மேக்ரோ லென்ஸ் போதும், வித்தியாசம் தெரியும். ஆயா வீட்டுல விழுந்த மட்டையில பார்த்தேன், வட்ட ஓட்டைகள் நிறைய இருந்தது. அதாவது வேலை ஏற்கெனவே நடந்துட்டு இருக்கு. அந்த நேரத்துல பூச்சி மருந்து அடிச்சா முதல்ல சாகறது குளவி. மெழுகுக்கு அடியில ஒளிஞ்ச ஈக்குஞ்சுல ஒரு பங்கு தப்பிச்சுடும், எதிரியே இல்லாம பெருகும்.

இது வெறும் நம்பிக்கை இல்ல, பப்பாளியில நாம பார்த்ததுதான். 2008ல கோயம்புத்தூர்ல பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு நாசம் பண்ணுச்சு. மருந்து அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சாங்க. 2010ல பெங்களூருல இருக்கற மத்திய அரசு ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவுல இருந்து அசிரோஃபேகஸ் பப்பாயேங்கற குளவியைக் கொண்டுவந்து விட்டாங்க. மாசக் கணக்குல பூச்சி அடங்கிடுச்சு. என்கார்சியாவை இப்படி யாரும் வெளிநாட்டுல இருந்து வரவழைக்கக்கூட இல்ல. முன்னாடி வந்த வேற ஒரு வெள்ளை ஈ கூடவே தானா வந்து தங்கினது அது. சில கடன் தானா அடையும் போல.

அதுக்காக கையைக் கட்டிட்டு உட்காரணும்னு இல்ல. எட்டற கீத்துக்கு அடிப்பக்கமா தண்ணியை வேகமா பீய்ச்சுங்க. மஞ்சள் ஷீட்டுல விளக்கெண்ணெய் தடவி ஆள் உயரத்துல கட்டுங்க, ஈ வந்து ஒட்டும். கரி ரொம்ப அடைச்சிருந்தா ஒரு லிட்டர் தண்ணிக்கு 25 கிராம் மைதா கரைச்சுக் காய்ச்சி, ஆறினதும் தெளிங்க. காய்ஞ்சு உதிரும்போது கரியையும் உரிச்சுட்டு வரும். ரொம்ப மோசம்னா மட்டும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து. வட்ட ஓட்டை இருக்கற மட்டையை எரிக்காதீங்க, குளவி இன்னும் உள்ள இருக்கும். அதுல ஒரு துண்டை வெட்டி, குளவி இல்லாத மரத்துல கட்டிவிடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழை பாதியைக் கழுவிடும். தை பொறந்து வெயில் ஏறும்போது திரும்பப் பெருகும், அப்போ பயந்துடாதீங்க. காய்ப்பு குறையலாம், ஆனா இந்த ஈயால மட்டும் தென்னை பட்டுப்போறது அபூர்வம்.

ஒரு இடத்துல மட்டும் பொறுமை உதவாது. வெண்டை இலையில நரம்பு மட்டும் மஞ்சள் வலை மாதிரி ஓடினா அது வைரஸ். பரப்பறது வேற வகை வெள்ளை ஈ. அதுக்கு மருந்து கிடையாது, அந்தச் செடியை அன்னைக்கே பிடுங்கிடுங்க. மாடியில ரெண்டு தொட்டி வச்சவங்களுக்கு இது மனசு கேட்காது, தெரியும். ஆனா அது நிக்கற ஒவ்வொரு நாளும் பக்கத்துத் தொட்டிக்கு ஆபத்து.

எதுன்னு புரியலையா? குரும்பாபேட்ல பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, கிராமங்கள்ல உழவர் உதவியகம் இருக்கு. வெறும் போட்டோ மட்டும் எடுத்துட்டுப் போகாம, இலையையே பாலித்தீன் கவர்ல மூடி எடுத்துட்டுப் போங்க. கறிவேப்பிலை ஒரு கொத்து, மேல இருக்கற தென்னங்கீத்து ஒரு துண்டு, ரெண்டும் வேணும். எந்த மரத்தடியில எந்தச் செடி நிக்குதுங்கறதையும் மறக்காம சொல்லுங்க.